அர்ச்சனைத் தேங்காய் எப்போது மருந்து, யாருக்கு எச்சரிக்கை?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து ஏறுபவர்கள் உண்டு. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு ஒவ்வொரு படியிலும் சூடம் ஏற்றிக்கொண்டே ஏறுபவர்கள் உண்டு. கல்யாணம் முடிந்த கையோடு மாலையும் கழுத்துமாக வருபவர்களும் உண்டு. இறங்கும்போது எல்லோர் பையிலும் விபூதி, வாழைப்பழத்தோடு தேங்காய் மூடியும் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மூடி என்னவாகிறது? சிலர் வீட்டில் சட்னி. சிலர் வீட்டில் பல்லுபல்லாகக் கீறி, வெல்லத்தோடு பிள்ளைகள் கையில். சிலர் வீட்டிலோ, “எனக்குக் கொலஸ்ட்ரால், வேண்டாம்” என்று அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். “தேங்காய் சாப்பிட்டா கொழுப்பே ஏறாது, வாட்ஸ்அப்ல வந்துச்சு” என்று அத்தை பதில் சொல்வார்.

இருவரில் யார் சொல்வது சரி? ஆயுர்வேத நூல்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், திருப்பி மூன்று கேள்விகள் கேட்கின்றன. எந்தப் பருவத்துத் தேங்காய்? எவ்வளவு? சாப்பிடப்போவது யார்? இந்த வாரம் அந்த மூன்றையும் பார்த்துவிடலாம்.

இரண்டு மொழி, ஒரு காய்

திருத்தணி படிக்கட்டில் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். நகரியும் புத்தூரும் கூப்பிடு தூரம். 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாம் ‘தேங்காய்’ என்பதை அவர்கள் ‘கொப்பரிகாய’ என்பார்கள். நமக்குக் ‘கொப்பரை’ என்றால் காய்ந்த தேங்காய் மட்டும்தான். அவர்களுக்குப் பச்சைத் தேங்காயும் கொப்பரிதான், காய்ந்தது ‘எண்டு கொப்பரி’.

சம்ஸ்கிருதத்தில் இதற்கு நாரிகேளம் என்று பெயர். கர்னாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை ‘நாரிகேள பாகம்’ என்பார்கள். நாரை உரித்து, ஓட்டை உடைத்து, பிறகே ருசிக்கு வர முடியும் என்று அர்த்தம். அவர் பாடிய முதல் கீர்த்தனை பிறந்த இடம் இதே திருத்தணி மலைதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டைப் போட்டாராம்.

பாட்டுக்குச் சொன்னது காய்க்கும் பொருந்தும். தேங்காய் உடைக்க மட்டுமல்ல, செரிக்கவும் கடினமானது. ஆயுர்வேதம் முதலில் சொல்லும் குணமே அதுதான்.

வயதுக்கு வயது குணம் மாறும்

16-ம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய ‘பாவப்பிரகாசம்’ ஆயுர்வேதத்தின் முக்கியமான நூல்களில் ஒன்று. அதில் தேங்காய்க்குச் சொல்லப்பட்டிருக்கும் பொதுக் குணங்கள் இவை: இனிப்பு, குளிர்ச்சி, உடலுக்கு ஊட்டம், பலம். சிறுநீர்ப் பையைச் சுத்தம் செய்யும். எரிச்சலைத் தணிக்கும். ஆனால் செரிக்க நேரமாகும், வயிற்றில் கட்டிக்கொள்ளும்.

பிறகு அந்த நூல் தேங்காயைப் பருவம் பருவமாகப் பிரிக்கிறது.

இளநீர்: செரிக்க லேசானது. தாகத்தையும் பித்தத்தையும் தணிக்கும். பசியைத் தூண்டும். சிறுநீரை நன்றாகப் பிரிக்கும். ஆடி வெயிலில் காவடியோடு ஏறி இறங்கியவருக்கு ஓர் இளநீர் கொடுத்தால் முகம் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வையில் போன நீர் திரும்புகிறது, கூடவே பொட்டாசியமும் கொஞ்சம் சர்க்கரையும் கிடைக்கின்றன.

வழுக்கை: இளநீருக்குள் இருக்கும் இளம் பருப்பு. பித்தக் கோளாறுகளுக்கும் பித்தத்தால் வரும் காய்ச்சலுக்கும் இந்த இளம் பருவமே நல்லது என்கிறது நூல். மென்று விழுங்கச் சிரமம் இல்லை என்பதால் பல் போன தாத்தா பாட்டிக்கும் ஏற்றது.

முற்றிய தேங்காய்: இங்கேதான் திருப்பம். இளசாக இருக்கும்போது பித்தத்தைத் தணித்த அதே காய், நன்றாக முற்றிப் பழசானதும் பித்தத்தைக் கூட்டும், எரிச்சல் தரும், மந்தம் தரும் என்று அதே நூல் சொல்கிறது.

‘தேங்காய் குளிர்ச்சிதானே’ என்று கொப்பரையை மென்றுவிட்டு நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. இன்றைய உணவியல் கணக்கும் இதை வேறு விதத்தில் காட்டுகிறது. இளநீரில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. முற்றிய பச்சைத் தேங்காய் 100 கிராமில் சுமார் 33 கிராம் கொழுப்பு, 350 கலோரி. காய்ந்து கொப்பரையானால் எடையில் 60 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்புதான். கொழுப்பு கூடக் கூட வயிறு காலியாக நேரம் எடுக்கும், அமிலம் மேலேறும் வாய்ப்பும் அதிகம்.

நல்ல பக்கமும் உண்டு. அதே 100 கிராம் தேங்காயில் சுமார் 9 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பொரியல் மேல் தூவும் ஒரு கைப்பிடித் துருவலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

தேங்காய்க்கு மாற்று அரிசி

எந்த உணவு செரிக்காவிட்டால் எதைச் சாப்பிட வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்லும் ‘அஜீர்ணாம்ருத மஞ்சரி’ என்றொரு சின்ன ஆயுர்வேத நூல் உண்டு. தேங்காய் செரிக்காவிட்டால் அது சொல்லும் மாற்று என்ன தெரியுமா? அரிசி!

நம் வீட்டுப் பலகாரங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பூரணக் கொழுக்கட்டை, இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், ஆப்பமும் தேங்காய்ப் பாலும், தேங்காய் சாதம், இட்லியும் தேங்காய்ச் சட்னியும், ஊற வைத்த பச்சரிசியோடு தேங்காயும் வெல்லமும். எல்லாவற்றிலும் தேங்காய்க்குத் துணை அரிசி. கூடவே இஞ்சி, சீரகம், மிளகு, ஏலக்காய், சுக்கு என்று செரிமானத்துக்கு உதவும் ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். நூலைப் படித்துவிட்டு யாரும் சட்னியில் இஞ்சி வைக்கவில்லை. சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகிய அறிவு அது.

அதனால் வெறும் வயிற்றில் அரை மூடித் தேங்காயைத் தின்பதைவிட, சமையலோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. பிள்ளைகளுக்குக் கீற்றாகக் கொடுத்தால் இரண்டு மூன்று கீற்றோடு நிறுத்துங்கள். நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கீற்று வேண்டாம், தொண்டையில் சிக்கும். துருவியோ பாலாகப் பிழிந்தோ கொடுக்கலாம்.

மருந்துக் கடையில் தேங்காய்

ஆயுர்வேத, சித்த மருந்துகளில் தேங்காய் எப்படியெல்லாம் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

நாரிகேள கண்டம்: தேங்காயை அரைத்து நெய்யில் வதக்கி, தேங்காய்த் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துப் பாகு பதத்துக்குக் காய்ச்சி, கொத்தமல்லி விதை, திப்பிலி, கோரைக்கிழங்கு, சீரகம், ஏலக்காய் போன்றவற்றின் பொடியைக் கலந்து செய்யும் லேகியம். ‘அமிலபித்தம்’ எனப்படும் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பத்துக்குத் தரப்படுகிறது. செரிக்கக் கனமான தேங்காயை மருந்தாக்கும்போது திப்பிலியும் சீரகமும் உடன் வருவதைக் கவனியுங்கள். சர்க்கரையும் நெய்யும் இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்கித் தாங்களாகவே சாப்பிடக் கூடாது.

நாரிகேள லவணம்: முழுத் தேங்காய்க்குள் இந்துப்பை நிரப்பி, மேலே களிமண் பூசி, நெருப்பில் புடம் போட்டு எடுக்கும் மருந்து. சாப்பாடு செரிக்கும் நேரத்தில் வரும் வயிற்று வலிக்குச் சொல்லப்பட்டது. இதில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்கிவிடக் கூடாது.

நீலிபிருங்காதி தைலம்: அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய்ச் சாறுகளோடு பாலும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் காய்ச்சும் கூந்தல் தைலம். தேங்காய் எண்ணெயில் காய்ச்சினால் ஒரு வகை, நல்லெண்ணெயில் காய்ச்சினால் இன்னொரு வகை. இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன. தலையில் நீர் கோத்துக்கொள்ளும், சளி பிடிக்கும் உடம்பு என்றால் எது பொருந்தும் என்று மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்பாலைத் தைலம்: சித்த மருத்துவத்தில் சொரியாசிஸுக்கு மேலே பூசத் தருவது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டு வெயிலில் வைப்பார்கள். நாளாக ஆக எண்ணெய் ஊதா நிறமாக மாறும்.

வீட்டு வைத்தியத்துக்கு வந்தால், மணத்தக்காளிக் கீரைத் தண்ணிச்சாறுக்கு இணை இல்லை. கீரையை வேகவைத்து, சீரகம் தாளித்து, கடைசியில் தேங்காய்ப் பால் விட்டு, கொதிக்கும் முன் இறக்கிவிடுவது. வாய்ப்புண் வந்தால் அம்மாக்கள் முதலில் செய்வது இதைத்தான். காரம் இல்லாத, வழவழப்பான உணவு என்பதால் புண் இருக்கும் வாய்க்கு இதமாக இருக்கும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் என்றால் தண்ணிச்சாறை நம்பிக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணெய்: தலைக்கு ஒரு நியாயம், தாளிக்க ஒரு நியாயம்

தேங்காய் எண்ணெய் பற்றித்தான் சண்டையே அதிகம். மேலே பூசுவது, உள்ளே சாப்பிடுவது என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மேலே பூச: 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் பூசிப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஆய்வு 2014-ல் வெளியானது, குழந்தைகளின் தோல் அரிப்பு நோயான அடோபிக் டெர்மடைட்டிஸ் பற்றியது. லேசான, நடுத்தரப் பாதிப்புள்ள 117 குழந்தைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்ததில், மினரல் ஆயிலைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. வறண்ட சருமத்துக்குக் குளித்ததும் பூசும் நம் பழக்கத்துக்கு இது ஆதரவு. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தில் பூசாதீர்கள், பரு கூடும்.

உள்ளே சாப்பிட: தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதம் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது 15 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கிறது. 2020-ல் ‘சர்குலேஷன்’ என்ற இதய மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெப்ப மண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சராசரியாக 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கூடியிருந்தது. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்-லும் 4 மில்லிகிராம் கூடியது. ஆனால் அது இதைச் சரிக்கட்டிவிடும் என்று இதய மருத்துவர்கள் ஏற்பதில்லை.

ஆக, தட்டைத் தள்ளிவிட்ட அப்பா பாதி சரி. அத்தையின் வாட்ஸ்அப் தவறு. ஏற்கெனவே கொலஸ்ட்ரால், மாரடைப்பு என்று சிகிச்சையில் இருப்பவர்கள் தேங்காய் எண்ணெயையே முழுநேரச் சமையல் எண்ணெயாக்கக் கூடாது. அவியலுக்குக் கடைசியில் ஊற்றும் ஒரு ஸ்பூனோ, பொரியல் மேல் தூவும் துருவலோ வேறு கணக்கு.

இளநீரோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் உங்கள் குடும்ப குரூப்பில் அனுப்ப முடியும் என்றால், இந்தப் பகுதியை அனுப்புங்கள்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம். ‘சிறுநீர் நன்றாகப் போகும், கிட்னிக்கு நல்லது’ என்ற நம்பிக்கையும் கூடவே போகும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அது சரி. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு, குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, அதே இளநீர் ஆபத்து.

காரணம் பொட்டாசியம். 100 மில்லி இளநீரில் சுமார் 200 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். 300 மில்லி உள்ள ஓர் இளநீரில் 600 மில்லிகிராம். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கு, நாள் முழுவதுக்குமான பொட்டாசியத்தையே பொதுவாக 2,000 முதல் 3,000 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றுபோகவும் கூடும். பல நேரம் முன்கூட்டி அறிகுறியே தெரியாது.

இன்னும் சிலர் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும், இதய நோய்க்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடும் வாய்ப்பு உண்டு. எப்போதாவது ஓர் இளநீர் குடித்ததற்காகப் பதற வேண்டாம். தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள்: 100 மில்லி இளநீரில் சுமார் 3 முதல் 5 கிராம் சர்க்கரை இருக்கும். குளிர்பானத்தைவிடக் குறைவு, ஆனால் தண்ணீர் மாதிரி குடிக்கக் கூடியது அல்ல.

வயிற்றுப்போக்கு: இளநீர் தெம்பு தரும். ஆனால் வயிற்றுப்போக்கில் உடல் அதிகம் இழப்பது சோடியம், அதாவது உப்பு. இளநீரில் அது மிகக் குறைவு. அதனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர் அதற்குப் பிறகு.

புற்றுநோய்: ‘சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றுநோய் செல்களைக் கொல்லும்’ என்ற தகவல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் பெயரைப் போட்டுப் பல வருடங்களாகச் சுற்றுகிறது. தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த மருத்துவமனையே மறுத்துவிட்டது. இதை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

சாமித் தேங்காய் கெடாமல் இருக்க

மலையில் உடைத்த தேங்காய் வெயிலில் பையில் கிடந்து, பஸ்ஸிலோ ரயிலிலோ சென்னை வந்து சேர்வதற்குள் பாதி நாள் ஓடிவிடும். வீடு வந்ததும் தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கண் உள்ள மூடி சீக்கிரம் கெடும் என்பார்கள் பாட்டிகள், அதை முதலில் செலவழியுங்கள். உடனே சமைக்கப்போவதில்லை என்றால் துருவி ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

வழவழப்பு, இளஞ்சிவப்பு நிறம், காறல் வாடை வந்துவிட்டால் ‘சாமிப் பிரசாதமாச்சே’ என்று தயங்க வேண்டாம். செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள். கொப்பரையில் பச்சை, மஞ்சள் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. அஃப்ளாடாக்சின் என்ற, கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அதில் இருக்கலாம். வெயிலில் காய வைத்தாலும் சமைத்தாலும் அது முழுதாகப் போகாது.

டென்மார்க்கில் 69 வயது முதியவர் ஒருவர், திறப்பதற்கு வசதியாகச் சீவி வைத்த தேங்காயை ஒரு மாதம் சமையலறை மேஜையில் வைத்திருந்துவிட்டு, ஸ்ட்ரா போட்டு ஒரு வாய் குடித்தார். சுவை மோசமாக இருந்ததால் அதோடு நிறுத்திவிட்டார். அப்படியும் 26 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. உள்ளே வளர்ந்த பூஞ்சையின் நச்சுதான் காரணம் என்று 2021-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இது மிக அபூர்வம். ஆனால் சீவி வைத்த இளநீரை மறுநாள் குடிக்கலாமா என்று யோசிக்கும்போது நினைவுக்கு வரட்டும்.

உடைத்த தேங்காய்க்குள் பூ இருந்தால் அது கெட்டுப்போனது அல்ல. அது முளைவிடும் தேங்காயின் உள் வளர்ச்சிதான். வாடை இல்லாமல் மொறுமொறுவென்று இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

யாரிடம் கேட்பது?

தைலம், லேகியம் என்று மருந்தாக எடுக்க நினைத்தால் தகுதி பெற்ற மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. போகும்போது நீங்கள் சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் அந்த மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகிறீர்களா? இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்தும் முன் ஒரு போன் செய்து, ‘அவர் இளநீர் குடிக்கலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால், பழமும் வாங்கிப் போகாதீர்கள். வாழைப்பழத்திலும் சாத்துக்குடியிலும் பொட்டாசியம் இருக்கிறது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், போதும்.